கோடை லீவுல ஊர் வீட்டு வேலை: எதை முதல்ல தொடங்குறது?

நீங்க கேட்டது இதுதான். அறந்தாங்கி பக்கத்து கிராமத்துல அப்பா அம்மா இருக்குற பழைய ஓட்டு வீடு, சித்திரை வைகாசி ரெண்டு மாசம் நீங்க பெங்களூர்ல இருந்து வந்து தங்கப் போறீங்க, கையில நாலு லட்சம் இருக்கு, அதுக்குள்ள ஓடு மாத்தணும், முன்னாடி ஷீட் கொட்டகை போடணும், வாசல் முழுக்க சிமெண்ட் தளம் போடணும், காம்பவுண்டு எழுப்பணும், கொல்லையில தென்னை மா முருங்கை வைக்கணும், எதை முதல்ல பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. ஆனா நடுவுல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, போன கார்த்திகை மழையில அப்பா படுக்குற ரூம்ல மூணு இடத்துல பாத்திரம் வச்சு தண்ணி புடிச்சோம், சுவரு முழங்கால் ஒசரத்துக்கு ஊறிப் போயிருந்துச்சுன்னு. எனக்கு அதுதான் கேள்வியாத் தெரியுது. வர்ற ஐப்பசிக்குள்ள இந்த வீடு நனையாம இருக்கணும், அதுக்கு இந்த ரெண்டு மாசத்த எப்படி செலவழிக்கிறது. அங்கேருந்தே பதில் சொல்றேன். நான் டிப்ளமோ சிவில் படிச்சவன், 23 வருஷமா பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி சுத்துல வேலை பாக்குறேன், அதுல பாதிக்கு மேல பழைய வீடு பழுது பாக்குற வேலைதான்.

நம்ம பக்கம் வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டி முடிஞ்சிரும். அதனால கோடைங்கிறது வீட்டைத் திறந்து போடுறதுக்கான காலம். ஓட்டைப் பிரிக்கலாம், மண்ணை வெட்டலாம், ஊறின சுவரைக் காய விடலாம், குழி தோண்டலாம், இதுக்கெல்லாம் இதை விட நல்ல மாசம் கிடையாது. அதே கோடை சிமெண்ட் வேலைக்குத்தான் ரொம்ப மோசம். எல்லாரும் லீவுல வந்து முதல்ல சிமெண்ட் மூட்டையத்தான் இறக்குறாங்க, அங்கதான் காசு போகுது. உங்க அஞ்சு வேலையில ஓடும் சுவரும் இந்த வருஷம் கண்டிப்பா, மரத்துக்குக் குழி மட்டும் இப்ப, கொட்டகை சின்னதா, சிமெண்ட் வாசல் வேணாம், காம்பவுண்டு அடுத்த வருஷம். இதுதான் என் கணக்கு, ஒவ்வொண்ணுக்கும் காரணம் சொல்றேன்.

முக்கியம் ஓடுதான், ஆனா வந்த முதல் நாள் கை வைக்க வேண்டியது சுவருல. ஏன்னா ஊறின சுவரு காயறதுக்கு வாரக்கணக்குல நேரம் வேணும், அதை வேகப்படுத்த வழியில்ல. நீங்க சொன்ன அடையாளத்தப் பாத்தா (60 வருஷ வீடு, கனமான சுவரு, உள்ள செங்கல்லுக்கு நடுவுல செம்மண்ணு) அது மண் சாந்துல கட்டின சுவரு. அதுக்கு மேல பிற்பாடு யாரோ சிமெண்ட் பூச்சு பூசியிருக்காங்க, அதான் பொரை பொரையா உப்புப் பூத்து விழுதுன்னு எழுதியிருக்கீங்க. மண்ணு சாந்தும் சுண்ணாம்பும் ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தா விட்டுரும். சிமெண்ட் பூச்சு அதை விட விடாது. கீழ இருந்து ஏறின ஈரம் உள்ளயே அடைபட்டு இன்னும் மேல ஏறும், முழங்கால் வரைக்கும் இருந்தது இடுப்பு வரைக்கும் போகும். இதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஏன்னா நானே இந்தத் தப்ப பண்ணியிருக்கேன். தொழிலுக்கு வந்த புதுசுல பேராவூரணி பக்கம் ஒரு வாத்தியார் வீட்டுல, மண் சுவருக்கு மே மாசம் கோழி வலை அடிச்சு ஒண்ணுக்கு நாலு சிமெண்ட் பூச்சு பூசிக் குடுத்தேன், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. அடுத்த மார்கழியில ஒரு சுவத்துப் பூச்சு மொத்தமும் பலகை மாதிரி பிரிஞ்சு விழுந்திருச்சு. பக்கத்துல குழந்தை படுத்திருந்துச்சு, நல்லவேளை பூச்சு அது மேல விழாம தள்ளி விழுந்துச்சு. அந்த வேலையை என் செலவுல திரும்ப செஞ்சு குடுத்தேன், ஆனா அந்தக் காட்சி இன்னும் மனசுல கெடக்கு. அதனாலதான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்றேன்.

என்ன செய்யணும்னா, ஈரம் தெரியுற ஒசரத்துக்கு மேல இன்னும் ஒரு அடி வரைக்கும் உள்ளயும் வெளியயும் அந்த சிமெண்ட் பூச்சை உளியால மெதுவா எடுத்துருங்க, பெரிய சுத்தியல் வச்சு இடிச்சா உள்ள இருக்குற கல்லு ஆடிரும். எடுத்துட்டு அப்படியே காய விடுங்க. அன்னைக்கே சுண்ணாம்பு வாங்கி தொட்டியில ஊறப் போட்டுருங்க, கடைசியில பூசும்போது நல்லாப் பதமா இருக்கும். அதே நாள் வெளியில சுவரு ஓரமா மண்மட்டத்தப் பாருங்க. பழைய வீடுங்க எல்லாத்துலயும் ஒரே கதைதான், கட்டும்போது ரெண்டு அடி பேஸ்மட்டம் (தரைக்கு மேல வீட்டைத் தூக்கி நிறுத்துற அடிமட்டம்) இருந்திருக்கும், பிற்பாடு தெருவுல தார் ரோடு ஏற ஏற வாசல்லயும் மண்ணடிச்சு அடிச்சு இப்ப பேஸ்மட்டம் பாதி புதைஞ்சிருக்கும். அந்த மண்ணை சுவத்துல இருந்து ஒரு பத்தடி தூரத்துக்கு வெட்டி எடுத்து பேஸ்மட்டம் ஒரு அடியாவது வெளிய தெரியுற மாதிரி பண்ணுங்க, ஆனா அஸ்திவாரம் தெரியுற அளவுக்கு வெட்டிராதீங்க, பழைய வீட்டுக்கு அஸ்திவாரம் ஆழமா இருக்கும்னு நம்ப முடியாது. வெட்டின பிறகு சுவத்துல இருந்து வெளிப்பக்கம் வாட்டம் வேணும், பத்தடிக்கு மூணு இஞ்ச் இறக்கம் இருந்தா போதும். கண்ணால பாத்து வாட்டம் சரின்னு சொல்றவங்கள நம்பாதீங்க, டியூப்ல தண்ணி விட்டு மட்டம் பாருங்க, இல்லன்னா ஒரு குடம் தண்ணிய சுவரு ஓரமா ஊத்திப் பாருங்க அது எங்க போகுதுன்னு. இந்த வேலையெல்லாம் நீங்களும் ஒரு ஆளும் சேந்து மம்முட்டி வச்சே செஞ்சிரலாம், இதுக்கு கொத்தனார் வேண்டியதில்ல. இறவாணத்துல இருந்து விழுற தண்ணி தரையில தெறிச்சுத்தான் சுவத்துல அடிக்குது, அதனால தண்ணி விழுற கோட்டுல மூணு அடி அகலத்துக்குப் பலகைக் கல்லு வெளிவாட்டமா பதிச்சா நல்லது. கரையான் தடம் இருந்தா இந்த வெட்டின பள்ளத்துலயே மருந்து ஊத்திரலாம், குளோர்பைரிபாஸ் 20 இசின்னு கேட்டா குடுப்பாங்க, ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணி. ஆனா கிணறு பக்கத்துல இருக்குற சுவத்துக்கு ஊத்தாதீங்க, மாடு கோழியெல்லாம் ரெண்டு நாள் அந்தப் பக்கம் வர விடாதீங்க.

சுவத்துல ஊசி மாதிரி கெமிக்கல் ஏத்தி ஈரத்த நிறுத்துறோம்னு சொல்லி வருவாங்க. சிமெண்ட் சாந்துல கட்டின சுவத்துல அது வேலை செஞ்சு பாத்திருக்கேன், சரியா வராமப் போனதும் பாத்திருக்கேன். மண் சாந்து சுவத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன், உங்க நாலு லட்சத்துல அதுக்கு இடமே வேணாம். அதே மாதிரி உள்பக்கம் டைல்ஸ் ஒட்டி ஈரத்த மறைக்கிறது. அது கண்டிப்பா தப்பு.

இப்ப ஓட்டுக்கு வரேன். மங்களூர் ஓடு, ரெண்டு பக்கம் சரிவு, முன்னாடி ஒரு பக்கம் தாவாரம் நீட்டி சேத்திருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா ஒழுகுற மூணு இடத்துல குறைஞ்சது ஒண்ணு அந்த ரெண்டு கூரையும் சேருற கூடுவாயாத்தான் இருக்கும், மேல ஏறாமயே சொல்லலாம். கூடுவாய்த் தகரம் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கும், இல்ல வேப்பிலை சருகு அடைச்சு தண்ணி வழிஞ்சு ஓட்டுக்குக் கீழ ஏறியிருக்கும். அதை மட்டும் மாத்தினாலே பாதி ஒழுக்கு நிக்கும். மீதி, குரங்கும் பூனையும் ஓடி நகந்து போன ஓடு, முகட்டு ஓட்டுக்குக் கீழ சிமெண்ட் விட்டுப்போனது, இவ்வளவுதான் பெரும்பாலும். அதனால மொத்த ஓட்டையும் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கணும்னு யாராவது சொன்னா உடனே ஒத்துக்காதீங்க. நல்லா வெந்த பழைய மங்களூர் ஓடு இப்ப வர்றதை விட பல இடத்துல நல்லாவே இருக்கு. ஒவ்வொண்ணா இறக்கி பிரஷ் போட்டு பாசியத் தேய்ச்சுக் கழுவுங்க, வெரலால தட்டிப் பாருங்க, கணீர்னு கேட்டா வச்சுக்கங்க, பொத பொதன்னு கேட்டா விரிசல் இருக்கு, தள்ளி வைங்க. பத்துக்கு எட்டு தேறும். புதுசா வாங்க வேண்டியது கொஞ்சம்தான், அதுல ஒரு விஷயம் கவனம், ஓட்டோட அடியில ஃபேக்டரி பேரும் அச்சும் இருக்கும், ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோட சரியா பூட்டாது, அரை இஞ்ச் வித்தியாசம் போதும் மழை உள்ள வர. உங்க ஓடு ஒண்ண கையில எடுத்துக்கிட்டு போய் வீடு இடிச்ச சாமான் விக்கிற கடையில அதே அச்சு தேடுங்க, காரைக்குடி பக்கம் கிடைக்கும். சதுர மீட்டருக்கு 15 ஓடு கணக்கு, நம்ம பாஷையில நூறு சதுர அடிக்கு 140, அதுக்கு மேல உடையறதுக்கு பத்துல ஒண்ணு சேத்துக்கங்க.

ஓட்டை விட முக்கியம் கீழ இருக்குற மரம். ஓட்டைப் பிரிச்ச உடனே கைமரம் (கூரையத் தாங்குற சரிவு மரம்) சுவத்துல உக்காருற நுனியப் பாக்கணும், ஏன்னா ஈரம் அங்கதான் நிக்கும், கரையானும் அங்கதான் ஏறும். ஒரு ஸ்க்ரூ டிரைவர் வச்சு அழுத்திப் பாருங்க, உள்ள எறங்குச்சுன்னா அந்த மரம் முடிஞ்சு போச்சு. வயிரம் பாஞ்ச பனங்கையா இருந்தா அறுவது வருஷம் ஆனாலும் குத்தினா ஏறாது, அதை எடுத்துட்டு இளம் மரத்தப் போடாதீங்க. நுனி மட்டும் போயிருந்தா பக்கத்துல துணைக்கை கட்டி ஆசாரி சரி பண்ணிருவாரு. ரீப்பர் (ஓடு உக்காருற குறுக்குச் சட்டம்) மட்டும் மொத்தமா மாத்துறது நல்லது, அதுல பெரிய செலவு இல்ல. ரீப்பர் இடைவெளிய டேப் வச்சு அடிக்கக் கூடாது, பன்னெண்டரை இஞ்சுன்னு மனப்பாடமா அடிச்சா உங்க ஓட்டுக்கு அது ஒத்து வரணும்னு இல்ல, நாலு ஓட்டை வரிசையா தரையில பூட்டி வச்சு அதுல இருந்து அளவு எடுக்கணும். முகட்டு ஓட்டுக்கு சிமெண்ட் ஜாஸ்தியா போட்டா உறுதின்னு நினைப்பாங்க, அப்படியில்ல, வெயில்ல காஞ்சு கீறல் விட்டுரும், கொஞ்சம் சுண்ணாம்பு சேத்து மெலிசான கலவையா போட்டு, ஓட்டையும் நல்லா நனைச்சு, மேல ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் வைக்கணும். ஓட்டு மேல சிமெண்ட் பால் ஊத்துறது, ரப்பர் பெயிண்ட் அடிக்கிறது இதெல்லாம் வேணாம், ஒரு ஓடு உடைஞ்சா நாளைக்கு எடுத்து மாத்துற வசதிதான் ஓட்டு வீட்டோட பெரிய சௌகரியம், அதை ஏன் கெடுக்கணும்.

ஒரு பக்கச் சரிவ முடிச்சிட்டு அடுத்த பக்கம் பிரிங்க, ரெண்டையும் சேத்துப் பிரிச்சுப் போட்டுட்டு இருக்கும்போது ஒரு கோடை மழை காத்தோட அடிச்சா வீட்டுக்குள்ள இருக்குற மண்சாந்து கரைஞ்சிரும். பெரிய தார்ப்பாய் ஒண்ணு கயிறோட ரெடியா இருக்கணும். மே 4ல இருந்து 28 வரைக்கும் கத்திரி வெயில், ஓட்டு மேல உக்காந்து மதியம் வேலை பாக்குறது மனுசனுக்கு ஆகாது, காலையில ஆறுல இருந்து பதினொண்ணு, சாயந்திரம் மூணரைக்கு மேல, அப்படி ஆளுங்ககிட்ட முன்னாடியே பேசிருங்க, மோரும் தண்ணியும் கையில எட்டுற மாதிரி வைங்க. கூரைக்கு மேல போற சர்வீஸ் வயரை ஈபில சொல்லி எடுத்துட்டுத்தான் ஏணி சாத்தணும். அப்பாவுக்கு 68 வயசுன்னு சொன்னீங்க, அவர் மேல ஏற வேணாம். அவருக்கு அந்த ஓட்டோட வரிசை எல்லாரையும் விட நல்லாத் தெரியும், கீழ உக்காந்து ஓட்டைத் தட்டிப் பாத்துப் பிரிக்கிற வேலைய அவர்கிட்ட குடுங்க, அதை விட முக்கியமான வேலை அன்னைக்கு வேற இல்ல.

வாசல் முழுக்க சிமெண்ட் ஏன் வேணாம்னு சொல்றேன்னா, ஒரு கணக்குப் பாருங்க. ஆயிரம் சதுர அடின்னா 93 சதுர மீட்டர், ஒரு மில்லிமீட்டர் மழைக்கு 93 லிட்டர். ஒரு நாள்ல 50 மில்லிமீட்டர் பெஞ்சா 4,650 லிட்டர். இது கார்த்திகையில நம்ம பக்கம் பெரிய மழையே இல்ல. உங்க கூரை ஒரு ஆயிரம், வாசல் ஒரு ஆயிரத்தைநூறு அடி. இப்ப மண்ணு குடிக்கிற தண்ணியெல்லாம் சிமெண்ட் போட்டா எங்கயாவது ஓடியாகணும், ஒரு இடத்துல வாட்டம் தப்பினா அது நேரா சுவரு காலுக்குத்தான் வரும், நீங்க சுவத்துக்குப் பண்ணின வேலையெல்லாம் வீண். இன்னொண்ணு, பகல் முழுக்க வெயில் வாங்கின சிமெண்ட் தரை ராத்திரி பத்து மணி வரைக்கும் அனலக் கக்கும், அப்பா திண்ணையில படுக்குறவரு. சேறு ஆகுதுங்கிறது உங்க அம்மாவோட கஷ்டம், அது நியாயமான கஷ்டம்தான், அதுக்கு கேட்டுல இருந்து வாசப்படி வரைக்கும், அடுப்படியில இருந்து கிணத்தடி வரைக்கும் நாலடி அகலத்துக்கு கல்லு பதிச்ச நடைபாதை போதும். மிச்ச இடத்துல கிராவல் அடிச்சு தண்ணி தெளிச்சு திமிசு போட்டு இறுக்கிவிடுங்க, கோலம் போட வாசப்படி முன்னாடி மண்ணு தரையா கொஞ்சம் விட்டுருங்க. கூரைத் தண்ணிய பைப் வச்சு இறக்கி ஒரு உறிஞ்சு குழிக்கு விடுங்க, ஓரம் உடைகல்லு, மேல கொஞ்சம் மணல். அது சுவத்துல இருந்து பத்தடி தள்ளியே இருக்கணும். உங்க மண்ணு செம்மண் சரளைன்னா சீக்கிரம் உறிஞ்சும், களிமண்ணுன்னா இந்தக் குழி ரொம்பி நிக்கும், அதனால தோண்டினதும் ரெண்டு குடம் ஊத்தி எவ்வளவு நேரத்துல வடியுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. கக்கூஸ் குழி கிணத்துல இருந்து அம்பது அடிக்கு உள்ள இருந்தா அதைத்தான் முதல்ல மாத்தணும்னு சொல்லுவேன், நீங்க தூரம் எழுதல, அளந்து பாருங்க.

கொட்டகைக்கு. 2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறிச்சு, நம்ம பக்கம் யாருக்கும் அந்த ராத்திரி மறக்காது. மறுநாள் நான் சுத்திப் பாத்த வரைக்கும் பழைய ஓட்டு வீடுங்க ஓடு பறந்து போயிருந்தாலும் சுவரு கைமரம் நின்னுச்சு, ஆனா முன்னாடி போட்ட ஷீட் கொட்டகைங்க பைப்பு, காலு, அடியில இருந்த கான்க்ரீட் உருண்டையோட முள்ளங்கி பிடுங்கின மாதிரி பிடுங்கி பக்கத்து வீட்டுக் கூரை மேல கெடந்துச்சு. காத்து ஷீட்டை கீழ அமுக்குறதில்ல, மேல தூக்குது. அதனால காலுக்குப் போடுற குழி ஒண்ணரை அடி ஆழம் போதும்னு எந்த வெல்டர் சொன்னாலும் ஒத்துக்காதீங்க, மூணு அடி ஆழம் ரெண்டடி சதுரம், அடியில தகடு வச்சு பைப்பை நிறுத்தி கான்க்ரீட் போடணும், காலுக்குக் காலு குறுக்குச் சட்டம் வேணும், ஷீட் ஓரத்துல ஸ்க்ரூ நெருக்கமா வரணும், ஒரு அடிக்கு மேல வெளிய நீட்டக் கூடாது. கொட்டகைய பழைய வீட்டுக் கைமரத்தோடயோ சுவத்தோடயோ சேத்துக் கட்டாதீங்க, கொட்டகை போனா வீட்டையும் இழுத்துட்டுப் போகும், தனிக்காலுல ஒரு முழம் விட்டு நிக்கட்டும். என்னைக் கேட்டா இந்த வருஷம் சவுக்குக் கம்பு நட்டு கீத்துக் கொட்டகை போடுங்க, செலவு கம்மி, அடியில குளிர்ச்சி, ரெண்டு மூணு வருஷத்துல கீத்து மாத்தணும்ங்கிறது உண்மைதான், அடுப்புப் பொறி படாத தூரத்துல இருக்கணும்ங்கிறதும் உண்மை. ஆனா மிச்சப்படுற காசு ஓட்டுக்கும் மரத்துக்கும் போகும்.

ஷீட் கொட்டகைதான்னு முடிவு பண்ணினா அந்தக் காலுக்குப் போடுற கான்க்ரீட்டுக்காவது இதைக் கேளுங்க. வெயில்ல சிமெண்ட் இறுகுறதுக்கு முன்னாடி தண்ணி ஆவியாப் போயிரும், அப்புறம் அது வெறும் பொடி. சாயந்திரம் நாலு மணிக்கு மேல போடுங்க, ஜல்லிய முன்னாடியே நனைச்சு வைங்க, கலவை இறுகிருச்சுன்னு அதுல திரும்பத் தண்ணி ஊத்திக் கலக்க விடாதீங்க, அதை ஒதுக்கிருங்க. செங்கல் வேலைன்னா கல்லைத் தொட்டியில முக்கி குமிழி விடுறது நிக்கிற வரைக்கும் ஊறணும். இப்ப கடையில வர்ற பெரும்பாலான சிமெண்ட் பிபிசிதான் (சாம்பல் கலந்த சிமெண்ட்), அதுக்கு கான்க்ரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 பத்து நாளாவது நனைக்கணும்னு சொல்லுது, வறண்ட வெயிலுக்கு பதினாலு நாள். காலையில ஒரு வாளி ஊத்திட்டுப் போறது கணக்குல வராது, சாக்கு சுத்தி அது காயாம இருக்கணும். தண்ணி எந்தத் தண்ணின்னும் பாருங்க, கடற்கரை ஓரம் போர் தண்ணியெல்லாம் கோடையில உப்பேறும், வாயில வச்சா கரிச்சா கம்பி போடுற வேலைக்கு அந்தத் தண்ணி ஆகாது, கம்பி உள்ளயே துருப்பிடிச்சு கான்க்ரீட்டைப் பிளந்துரும்.

காம்பவுண்டு பத்தி ரெண்டே வார்த்தை. சர்வேயர வச்சு எஃப்எம்பி (நிலத்தோட அளவு வரைபடம்) பாத்து அளந்து கல்லு நடாம சுவரு எழுப்பாதீங்க, பக்கத்து வீட்டோட நாப்பது வருஷ உறவு ஒரு அடி மண்ணுல போயிரும். அளந்துட்டு இந்த வருஷம் கிளுவை வேலி போடுங்க. அப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க தண்ணி எந்தப் பக்கத்துல இருந்து வந்து எந்தப் பக்கம் போகுதுன்னு உங்க அப்பாவ பாத்து வைக்கச் சொல்லுங்க, அதுக்கப்புறம் சுவரு கட்டும்போது அந்த இடத்துல தண்ணி போற வழி விட்டுக் கட்டலாம்.

மரத்துக்கு இப்ப மூணுக்கு மூணு அடி ஆழமும் மூணு அடி, குழி மட்டும் எடுத்து வெயில் காய விடுங்க. மேல்மண்ணத் தனியா குவிச்சு வைங்க, ஆடியில மழை தலைகாட்டினதும் அதோட மக்கின எரு கலந்து ரொப்பி கன்னு வைக்கலாம். மே மாசம் கன்னு வச்சுட்டு நீங்க பெங்களூர் போயிட்டா அம்மா தெனம் குடம் தூக்கணும், அது கன்னுக்கும் கஷ்டம் அவங்களுக்கும் கஷ்டம். தென்னை கூரையில இருந்து 25 அடி தள்ளி. முருங்கை கொம்பு காத்துல சடக்குன்னு முறியும், ஓட்டு மேல சாயாத இடமா வைங்க. சாயந்திர வெயில் அடிக்கிற மேற்குச் சுவத்துக்கு இருபதடி தள்ளி ஒரு வேம்பு, பத்து வருஷத்துல அந்த ரூமு எவ்வளவு மாறுதுன்னு பாருங்க.

கடைசியா நீங்க போற போக்குல எழுதின ஒரு வரிதான் என்னைத் தூங்க விடல. கிணத்துல தண்ணி வத்தியிருக்கு, அப்பாவும் சித்தப்பாவும் எறங்கி ஆயில் எஞ்சின் வச்சு மிச்சத் தண்ணிய இறைச்சுட்டு தூர் எடுக்கலாம்னு இருக்காங்கன்னு. தயவுசெஞ்சு இதை நிறுத்துங்க. எஞ்சினை கிணத்துக்குள்ள இறக்கி ஓட விட்டா அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, நிறமும் இல்ல வாசனையும் இல்ல, மேல வெளியேறவும் வழியில்ல. எறங்குறவருக்குத் தலை சுத்துறது தெரியுறதுக்குள்ள கை கால் ஓடாது. அரிக்கேன் விளக்க இறக்கிப் பாத்து அணையலன்னா எறங்கலாம்னு பெரியவங்க சொல்லுவாங்க, பிராணவாயு கம்மியா இருந்தா விளக்கு அணையும், அது சரிதான், ஆனா கார்பன் மோனாக்சைடு இருந்தா விளக்கு நல்லாவே எரியும். வேப்பங்கொத்தக் கயிறு கட்டி விட்டு அலசுறதும் கொஞ்சம் காத்தை அசைக்கும், அவ்வளவுதான். எறங்கினவர் சத்தம் காட்டலன்னு காப்பாத்த எறங்கினவரும் சேந்து போறதுதான் இதுல திரும்பத் திரும்ப நடக்குது. எஞ்சின் மேலயே இருக்கட்டும், இல்லன்னா நீர்மூழ்கி மோட்டார் விட்டு இறைங்க. தூர் எடுக்க கிரேனும் காத்து ஊதுற ப்ளோயரும் வச்சிருக்குற ஆளுங்க இருக்காங்க, அவங்கள வரவைங்க, இடுப்புல கயிறு இல்லாம யாரும் எறங்கக் கூடாது. மீறி ஏதாவது ஆச்சுன்னா யாரும் குதிக்காம 112க்கோ 101க்கோ அடிக்கணும். செப்டிக் டேங்கும் இதே மாதிரிதான், ஆளை எறக்குறது சட்டப்படியும் குத்தம், லாரி வச்சு உறிஞ்சுங்க.

நேர்ல பாக்காம நான் முடிவு சொல்ல முடியாதது ஒண்ணு இருக்கு, பின் சுவத்துல சன்னலுக்கு மேல சாய்வா ஒரு வெடிப்புன்னு சொன்னீங்களே அது. பழைய வெடிப்பா அசையாம இருக்கா, அஸ்திவாரம் எறங்கி இன்னும் விரியுதான்னு ஃபோட்டோவுல தெரியாது. வந்த அன்னைக்கே வெடிப்புக்குக் குறுக்க ஒரு மெல்லிய கண்ணாடித் துண்ட ரெண்டு பக்கமும் சிமெண்ட்ல ஒட்டி தேதி எழுதி வைங்க. சுவத்துப் பூச்சு தொடங்குறதுக்குள்ள கண்ணாடி உடைஞ்சா சுவரு அசையுதுன்னு அர்த்தம், அப்ப நான் மேல சொன்ன வரிசையெல்லாம் தள்ளி வச்சிட்டு ஒரு இன்ஜினியர நேர்ல கூட்டிவந்து அந்த மூலைய தோண்டிப் பாத்தே ஆகணும். உடையலன்னா சுண்ணாம்புக் கலவை வச்சு அடைச்சா போதும், வைகாசி நடுவுக்குள்ள சுவத்துப் பூச்சோட சேத்தே அதை முடிச்சிரலாம். பூசின பிறகு ரெண்டு வாரம் ஈரச் சாக்கு தொங்க விடணும், அதனால நீங்க கிளம்புற தேதிக்கு பதினஞ்சு நாளைக்கு முன்னாடியே பூச்சு முடியுற மாதிரி ஆளைப் பேசிக்கங்க. ஓட்டைப் பிரிச்ச அன்னைக்கு கூடுவாயையும் கைமர நுனியையும் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துப் போடுங்க, எது மாத்தணும் எது விடலாம்னு பாத்துச் சொல்றேன்.